துண்டுக்கு வந்த நாடித்துடிப்பு

என் நாத்தனாருக்குக் கையே கிடையாது என்று ஒரு வாட்ச் சொன்னது. அந்தக் கையால் தலையில் குட்டு வாங்கியவள் என்ற முறையில் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சிரிப்பு சில நாளில் போய்விட்டது. ஆத்திரம் போகவில்லை. அது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாத்தனார் என்றால் என் கணவருக்கு அக்கா. எனக்கும் அக்காதான். நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்று வருகிறது. படித்துப் பார்த்தால் இன்னொரு குட்டு விழும், விழட்டும். நாங்கள் இருவரும் ஒரே லாண்டரியில் வேலை செய்கிறோம். ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளும் தள்ளுவண்டி தள்ளுவண்டியாக வந்து இறங்கும் பெரிய லாண்டரி. நான் மடிக்கும் மேஜையில். அவள் பிரஸ்ஸில். அங்கே அவளுக்கு ஸ்டீம் அக்கா என்று பெயர். இயந்திரத்தில் ஆவி வருவதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவளிடம் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டால் இன்னொரு காரணமும் புரிந்துவிடும்.

பிரஸ் என்பது வாயைத் திறந்துகொண்டு நிற்கும் ஒரு இயந்திரம். கீழ்ப் பலகையில் துணியை விரித்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவி, காலால் கட்டையை மிதித்தால் மேல் மூடி இறங்கும். பக்கவாட்டில் ஆவி சீறும். நீவிய கை அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வராத நாட்களும் உண்டு. அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் அதற்கு மேலும் தோல் சுருங்கி, பளபளத்து, மெழுகு தேய்த்தது போல இருக்கும். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்டால் உற்சாகமாகக் காட்டுவாள்.

"இது உன் வீட்டுக்காரன் ஸ்கூல்ல விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்ட அன்னிக்கு. ஃபோன் வந்துச்சு, கைய எடுக்க மறந்துட்டேன். இது அந்தப் பழைய சூப்பர்வைசரோட சண்டை போட்டுக்கிட்டே மிதிச்சது. கை போச்சு, ஆனா சண்டையில நான்தான் ஜெயிச்சேன்."

"இது?"

"அது சும்மா தூக்கம்."

அவர்கள் அப்பா இறந்தபோது என் கணவர் சின்னப் பையன். படிப்பை விட்டுவிட்டு அவள்தான் வேலைக்கு வந்தாள். பிரஸ்ஸுக்குப் போக யாரும் முன்வர மாட்டார்கள், அங்கே போனால் யாரும் தன்னை விலக்கவும் மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, கேட்டு வாங்கிப் போனாள். கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் இரவுக் காவலாளி. பகலெல்லாம் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருப்பாராம். நல்ல மனிதர், வாய் பேசாத மனிதர். நான் மருமகளாக வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், ஆனால் சத்தம் ஒருத்தியுடையதுதான்.

லாண்டரியில் பிரஸ் அறைதான் மோசம். தகரக் கூரை, தாழ்வான கூரை. சுவரின் உச்சியில் சூடான காற்றை வெளியே தள்ள இரண்டு விசிறிகள். ஒன்று எப்போதோ செத்துவிட்டது. இன்னொன்று உயிரை விடவும் முடியாமல் சுற்றவும் முடியாமல் முனகிக்கொண்டிருக்கும். புது விசிறி வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். முன்னால் நின்று கேட்பது ஸ்டீம் அக்கா, பின்னால் நின்று தலையாட்டுவது மற்றவர்கள்.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்த மாட்டார். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அந்தச் சுருக்கத்தை எடுப்பவள் யார் என்பது வேறு விஷயம். ஒருநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சூடு சூடுன்னு நீங்க சொல்றீங்க. அவ்வளவு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்றேன். இப்படியே பேசிக்கிட்டிருந்தா முடிவே வராது. அளந்து பாத்துடுவோம்."

அளப்பதற்கு வந்ததுதான் ஸ்மார்ட் வாட்ச். ஆளுக்கு ஒன்று. வேலை முடியும்வரை கட்டியிருக்க வேண்டும். நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை மீறினால் ஆபீஸில் இருக்கும் பெரிய திரையில் அந்த ஆளின் பெயர் சிவப்பாகும். பிரஸ் அறையில் சிவப்பு விழுந்தால் விசிறி வாங்கித் தருவதாக மேனேஜர் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

எங்களில் அதிகம் சந்தோஷப்பட்டவள் என் நாத்தனார்தான். "இனிமே வாயால கெஞ்ச வேண்டாம்டி. நெஞ்சே போய்ச் சொல்லிடும்" என்றாள்.

வாட்ச் வந்த வேகத்திலேயே எங்களைப் படுத்த ஆரம்பித்தது. காலை முதல் நின்றுகொண்டே இருக்கும் பெண்களைப் பார்த்து, "வெகு நேரம் உட்கார்ந்துவிட்டீர்கள், சற்று எழுந்து நில்லுங்கள்" என்றது. ஆவிக்குள் நிற்கிறவளிடம் மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னது. ஈர விரலால் தொட்டால் அசையாது, எங்கள் விரல் எப்போது காய்ந்திருந்தது? கண்ணாடியில் ஆவி படிந்தால் மணி தெரியாது. மணி பார்க்க முடியாத கடிகாரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வார்ப்பட்டைக்கு அடியில் வியர்வை தேங்கி அரிப்பெடுத்தது. இரண்டு கையிலும் விரிப்பின் முனையைப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து அதிரும். சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்து படுத்துவிடும். நாங்கள் படுக்க முடியாதே என்று எனக்கு அதன்மேல் பொறாமை.

ஆனால் இதெல்லாம் சில்லறைத் தொல்லை. ஸ்டீம் அக்காவுக்கு வந்தது வேறு.

அவள் கட்டிய நிமிடத்திலிருந்து வாட்ச் ஒரே பாட்டைப் பாடியது: கையில் அணியவில்லை. இறுக்கிக் கட்டினாள். தளர்த்திக் கட்டினாள். உள்பக்கம் திருப்பினாள். வலது கைக்கு மாற்றினாள். முழங்கைக்கு மேலே கட்டலாம் என்றால் வார் எட்டவில்லை. அடியில் பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிப் பார்த்துவிட்டு, இங்கே ஆளே இல்லை என்பது போல அணைந்துவிடும்.

சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் நோட்டம். அவருக்கு அது தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. திரையைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"வாட்சை ஏம்மா கழட்டுறீங்க?"

"கழட்டல சார். இந்தா பாருங்க, கையிலதான் இருக்கு."

"கையில இல்லன்னு காட்டுதே."

"கைய நீங்க பாக்குறீங்க இல்ல?"

"நான் பாக்கறது முக்கியம் இல்லம்மா. அங்க என்ன காட்டுதுன்னுதான் மேனேஜர் பாப்பாரு."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த வாரமே துவைக்கும் கூடத்தில் ஒருவன் தன் வாட்சை இயந்திரத்தின் கதவில் மாட்டிவிட்டு உட்கார்ந்து கதை பேசியிருக்கிறான். நாள் முழுக்க ஓடியதாகத் திரையில் வந்திருக்கிறது. பாராட்டப் போனவர்கள் பிடித்துவிட்டார்கள். அன்றே அவனை அனுப்பிவிட்டு, வாட்சை ஏமாற்றுகிறவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதோடு, தொடர்ந்து வாட்ச் கட்டாதவர்களுக்கும் அதே கதிதான் என்றார்கள். அதைச் சொல்லும்போது நோட்டம் பிரஸ் பக்கமாகத்தான் பார்த்தார்.

அவளுக்கு ஓய்வு பெற அதிக காலம் இல்லை. இத்தனை வருஷம் வெந்ததற்குக் கடைசியில் கிடைக்கப்போவது அந்த ஓய்வூதியம்தான். இப்போது வெளியே போனால் வெறுங்கையோடு போக வேண்டும். வெந்த வெறுங்கை.

மறுநாள் ஆத்திரத்தில் வாட்சைக் கழற்றியவள், ஈரத்தில் வைக்கக் கூடாதே என்று, பிரஸ்ஸுக்கு மேலே அலமாரியில் இருந்த ஒரு முகத்துண்டைச் சுற்றி மாட்டி வைத்தாள். ஓட்டலுக்குப் போகும் துண்டுகளை நாங்கள் சூடு ஆறுவதற்குள் இறுக்கமாக உருட்டி அடுக்குவோம். மணிக்கட்டு அளவுக்கு இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எனக்குச் சைகை வந்தது.

"இங்க வா. சத்தம் போடாம வா."

போனேன். துண்டின்மேல் வாட்ச் இருந்தது. அடியில் பச்சை விளக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் சின்ன இதயம் ஒன்று படக் படக்கென்று அடித்தது. துண்டுக்கு நாடித்துடிப்பு! அதுவும் என்ன அழகான துடிப்பு. அலட்டல் இல்லை, அவசரம் இல்லை.

"யாருக்குடி இது அடிக்குது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு துண்டை ஒரு தட்டுத் தட்டினாள். "எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கு. மூலையில சுருண்டு கிடக்கறாரு, நெஞ்சு மட்டும் நிதானமா அடிக்குது."

அன்றிலிருந்து அந்தத் துண்டுக்கு மாமா என்று பெயர். மடிக்கும் மேஜையில் எல்லோருக்கும் தெரியும். காலையில் வந்ததும் "மாமா சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள். நாங்கள் போடும் வேலை அங்கிக்கு மணிக்கட்டு வரை இறங்கும் கை, அதனால் அவள் கையில் வாட்ச் இல்லாதது யாருக்கும் தெரியாது. பிரஸ் இறங்கும்போதெல்லாம் அலமாரி அதிர்வதால் மாமா நடப்பதாகவும் கணக்கானது. சாப்பாட்டு நேரத்தில் பைக்குள் வைத்துக் கூடவே எடுத்துப் போவாள். அவர் உயிரோடு இருந்தபோது இத்தனை தூரம் கூட வந்ததில்லை என்பாள்.

அவளை ஒன்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கை இருக்கிறவளுக்குக் கை இல்லை என்று சொன்னது அந்த வாட்ச். அதை ஏமாற்றினால் என்ன தப்பு? அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். சுவரில் வரைபடம் போட்டுக் காட்டினார். பிரஸ் அறையில் சிலருக்குச் சிவப்பு விழுந்திருந்தது உண்மை. ஆனால் சூடு அதிகம் உள்ள இடம் எது? முதல் பிரஸ். அங்கே நிற்பவர், ஸ்டீம் அக்கா, எங்களில் வயதில் மூத்தவர். அவருடைய இதயம் எப்படி இருக்கிறது? ஏரித் தண்ணீர் போல இருக்கிறது. அப்படியானால் குறை அறையில் இல்லை.

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்கு ஆகுதுன்னா உடம்பைப் பாத்துக்கணும். எடையைக் குறைங்க, நேரத்துக்குத் தூங்குங்க" என்றார் அதே மென்மையான குரலில். விசிறி கிடையாது. அதோடு, மாறி மாறிப் பின்கதவில் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவோமே, அதுவும் இனி தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்.

நான் என் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தரையைப் பார்த்து நின்று நான் கண்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது பிரஸ்ஸில் நின்றவள் அந்த வாரமே வேலையை விட்டுப் போனாள். அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்கள். முதல் நாளே என் வாட்ச் அதிர ஆரம்பித்தது. நோட்டம் வந்து திரையில் சிவப்பு என்றார். பிறகு பக்கத்து பிரஸ்ஸைக் காட்டி, "அவங்களைப் பாத்துக் கத்துக்கோங்கம்மா, பதறாம நில்லுங்க" என்றார். யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? அலமாரியில் இருந்த மாமாவையா? சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாளும் நின்றேன். அதற்கடுத்த நாள் கட்டையை மிதிக்கக் காலைத் தூக்கியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது பின்கதவுப் படியில் அவள் மடியில் கிடந்தேன். என் தலையில் ஈரத்துணி இருந்தது. மூடி இறங்குவதற்குள் என்னை இழுத்துவிட்டாளாம். இல்லாவிட்டால் எனக்கும் காட்டுவதற்கு ஒரு கை கிடைத்திருக்கும்.

வீட்டுக்குப் போனதும் சமையலறையில் வைத்து வெடித்தேன். பயந்தவளுக்குத்தான் அத்தனை கோபம் வரும்.

"உங்க வீட்டுக்காரரு இன்னிக்கு என்னைக் கொன்னிருப்பாரு அக்கா. அவரு நெஞ்சைக் காட்டித்தானே ஃபேன் இல்லன்னாங்க. அவரு நெஞ்சைக் காட்டித்தானே கதவை அடைச்சாங்க."

அவள் திருப்பித் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

என் கணவர்தான் நடுவில் வந்தார். அவருக்கு அக்கா என்றால் உயிர். "அக்கா, நீ பேசாம இரு. இன்னும் கொஞ்ச காலம்தான். துண்டு விஷயம் தெரிஞ்சா ஒரு நிமிஷம் வச்சிருக்க மாட்டாங்க. இவளை வேணா வேற வேலைக்கு அனுப்பிடலாம்."

"இவ போனா அந்த இடத்துல யாரு நிப்பா?" என்றாள் அவள்.

"யாரோ நிக்கட்டும்!"

"அந்த யாரோ மயங்கி விழும்போது நான் துண்டைப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" பாத்திரத்தை டக்கென்று கவிழ்த்தாள். "நான் ஒருத்தி தப்பிக்கறதுக்குன்னு வச்சேன்டா அதை. அது போய் மேனேஜருக்குச் சாட்சி சொல்லுது. என்னைக்குமே நான் அந்த ஆளுக்குச் சாட்சி சொன்னதில்ல. இந்த வயசுல சொல்லணுமா?"

அவர் கெஞ்சினார். கண் கலங்கினார். அவள் அவருடைய தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அடுத்த வாரம் வாட்ச் செய்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கட்டியிருப்பவர்களுக்கு என்ன குறை, எதை மாற்றினால் நன்றாக இருக்கும் என்று கேட்டுப்போகும் வேலையாம் அவருக்கு. கேன்டீனில் கூட்டம். மேனேஜர் பெருமையாக இருந்தார். எங்களைச் சில கேள்விகள் கேட்டார்கள். வார் எந்த நிறத்தில் வேண்டும்? பூப்படம் வேண்டுமா, மலைப்படம் வேண்டுமா? மடிக்கும் மேஜைப் பெண் ஒருத்தி எழுந்து, நிற்கிறவளை எழுந்து நிற்கச் சொல்லாத வாட்ச் வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வாட்ச்காரரும் சிரித்துவிட்டார். ஈர விரலைப் பற்றி ஒருத்தி சொன்னாள், அரிப்பைப் பற்றி ஒருத்தி சொன்னாள். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக மேனேஜர் எழுந்தார். இந்த லாண்டரியிலேயே ஆரோக்கியமான இதயம் யாருடையது என்று வாட்ச் காட்டியிருக்கிறது, அவருக்கு ஒரு பாராட்டு என்று சொல்லி ஸ்டீம் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். "உங்களுக்கு இந்த வாட்ச்ல என்ன மாத்தணும்னு தோணுதோ, அதையும் சொல்லுங்கம்மா."

அவள் போனாள். பையிலிருந்து மாமாவை எடுத்து மைக் முன்னால் மேஜையில் நிறுத்தி வைத்தாள். துண்டின்மேல் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

"இவருதான் அந்த ஆரோக்கியமான இதயம்" என்றாள். "பாராட்டை இவருகிட்ட கொடுத்துடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் அங்கியின் கையை முழங்கை வரை சுருட்டினாள். துண்டிலிருந்து வாட்சைக் கழற்றி எல்லோரும் பார்க்கத் தன் மணிக்கட்டில் கட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது, அணைந்தது. மைக்குக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"கையில் அணியவில்லைன்னு போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க. நீங்க கேட்டீங்கல்ல சார், என்ன மாத்தணும்னு? துண்டுக்கு உயிர் இருக்குன்னு சொல்லுது, எனக்கு இல்லன்னு சொல்லுது. அதை மாத்துங்க. பூப்படம் அப்புறம் பாத்துக்கலாம்."

வாட்ச்காரர் எழுந்து வந்து அவள் கையைப் பார்த்தார். தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார். "தழும்பு இருக்கற தோல்ல இந்த வெளிச்சம் சரியா உள்ள போறதில்ல. தெரிஞ்ச குறைதான்" என்று மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? என் கைக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள்.

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது. "இத்தனை நாளா எங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா சார், ஏமாத்தினேன். வேலையைக் காப்பாத்திக்க ஏமாத்தினேன். அந்தத் துண்டை வச்சு நீங்க இவங்க எல்லாரையும் ஏமாத்தினீங்க. உங்களுக்கு அது துண்டுன்னு தெரியாது, சரி. வந்து ஒரு தரம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பிரஸ் அறை இங்கேருந்து பத்தடி. வாங்க, இப்பவே போய் நின்னு பாக்கலாம்."

அவர் வரவில்லை. வாட்சைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், முடிவை அப்புறம் சொல்லி அனுப்புவார்கள் என்றார். அவள் வாட்சைக் கழற்றி மறுபடி துண்டிலேயே மாட்டினாள். அது திரும்பவும் அடிக்க ஆரம்பித்தது. அதை மேஜையிலேயே விட்டுவிட்டு, நிமிர்ந்த தலையோடு நடந்து போனாள். போகும்போது என்னைப் பார்த்து, "வரும்போது என் டிபன் பாக்ஸை எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று இரவு என் கணவர், "நீயாவது வாயைத் திறக்காம வேலை பாரு" என்றார். நான் சரி என்றேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவும் செய்திருந்தேன்.

காலையில் பிரஸ் அறைக்குப் போனேன். கொதிகலன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அறை கொதித்தது. முதல் பிரஸ் காலியாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. அலமாரியிலிருந்து ஒரு சூடான துண்டை எடுத்து இறுக்கமாக உருட்டினேன். என் வாட்சைக் கழற்றி அதில் மாட்டி, பிரஸ் பலகையில் நிறுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. சொன்னபடி நான் வாயைத் திறக்கவே இல்லை.

மடிக்கும் மேஜைப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லாத வாட்ச் கேட்டாளே, அவள்தான் முதலில் வந்தாள். துண்டை உருட்டினாள். பிறகு இன்னொருத்தி. ஒருத்தி அழுதாள், பயமாக இருக்கிறது என்றாள், அழுதுகொண்டே உருட்டினாள். இரண்டு பேர் வேண்டாம் என்று ஒதுங்கி நின்றார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத் தெரியும். மேஜை முழுக்கத் துண்டுகளை வரிசையாக நிறுத்திவிட்டு நாங்கள் பின்கதவைத் திறந்து படியில் போய் உட்கார்ந்தோம். நல்ல காற்று வந்தது.

வெகுநேரம் யாரும் வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்? திரையில் எங்கள் எல்லோருடைய இதயமும் பச்சையாக, நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த லாண்டரியின் வரலாற்றிலேயே அவ்வளவு ஆரோக்கியமான காலை இருந்திருக்காது. துணி வரவில்லையே என்று ஓட்டல்களிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்த பிறகுதான் நோட்டம் ஓடி வந்தார். மேஜையைப் பார்த்தார். படியைப் பார்த்தார்.

"எல்லாரும் வேலையில இருக்கீங்கன்னு ஸ்கிரீன்ல காட்டுதே!"

"காட்டுதில்ல? அப்புறம் என்ன சார்?" என்றேன்.

பிறகு மேனேஜர் வந்தார். பின்கதவுக்கு வர வேண்டுமானால் பிரஸ் அறையைக் கடந்துதான் வர வேண்டும். எங்களோடு பேச அவர் அந்த அறைக்குள்ளேயே நிற்க வேண்டியிருந்தது, ஏனென்றால் படியில் இடம் இல்லை, யாரும் நகரவும் இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அளந்து பார்க்கச் சொன்னது அவர்தான், அளந்திருக்கிறோம் என்றேன். விசிறியும் வேண்டும், அக்காவும் வேண்டும், பின்கதவும் வேண்டும் என்றேன். அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நெற்றி நனைந்தது. சட்டை முதுகோடு ஒட்டியது. என் ஞாபகத்தில் அந்தச் சட்டையில் சுருக்கம் விழுந்து பார்த்தது அன்றுதான்.

அப்போது அவர் கையில் கட்டியிருந்த வாட்ச், எங்களுடையதைவிட உயர்ந்த ரகம், வாய் திறந்து பேசும் ரகம், கணீரென்று சொன்னது: "உங்கள் இதயத் துடிப்பு அதிகமாக உள்ளது. குளிர்ந்த இடத்துக்குச் சென்று ஓய்வெடுங்கள்."

படியில் வெடித்த சிரிப்பு துவைக்கும் கூடம் வரை கேட்டதாம். அழுதவள்தான் அதிகம் சிரித்தாள்.

அவர் வாட்சைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வாட்சைக் கையால் பொத்திக்கொண்டு போய்விட்டார். மாலைக்குள் பின்கதவு திரும்பி வந்தது. அடுத்த வாரம் விசிறி மாட்ட ஆட்கள் வந்தார்கள். இரண்டு கேட்டோம், ஒன்றுதான் வந்தது. இன்னொன்றுக்குச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்டீம் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போன நாட்களுக்குக் கூலி இல்லை என்ற நிபந்தனையோடு. அவள் வந்த அன்று மேனேஜர் கூப்பிட்டு, அவள் கைக்கு வாட்ச் சரிப்படாது என்று கம்பெனிக்காரர் எழுதியிருக்கிறார், அதனால் இனி அவள் அதைக் கட்ட வேண்டியதில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"கட்டுவேன் சார்" என்றாள் அவள்.

"அதான் வேலை செய்யாதேம்மா."

"செய்ய வேண்டாம். தினமும் நான் இல்லன்னு அது சொல்லட்டும். இருக்கேனா இல்லையான்னு தினமும் யாராவது வந்து பாக்கட்டும்."

அதனால் இப்போதும் காலையில் ஆபீஸ் திரையில் முதல் பிரஸ்ஸுக்கு நேராக 'கையில் அணியவில்லை' என்று விழுகிறது. விதி விதிதான், நோட்டம் எழுந்து வர வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே ஆவிக்குள் நடந்து, முதல் பிரஸ் வரை வந்து, கண்ணால் பார்த்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

"இருக்கீங்களாம்மா?"

என் நாத்தனார் அங்கியைச் சுருட்டி, தழும்பும் வாட்சுமாக அந்தக் கையை உயரத் தூக்குவாள்.

"இருக்கேன் சார்" என்பாள். "கொஞ்ச நேரம் நின்னு நல்லாப் பாத்துட்டுப் போங்க."